பெயர் எதுவும் போடவில்லை

தோர்ரெகூர்வா,
13 ஜனவரி 2013, ஞாயிறு

அன்புத் தம்பி ஃபெர்மினுக்கு,

இதை எழுதுவது நான்தான். மகள் என்கார்னா எழுதவில்லை, பக்கத்து வீட்டுப் பெண்ணும் எழுதவில்லை. உன் அண்ணன் நிகாசியோ, எழுபத்து மூன்று வயதில், தன் கையாலேயே எழுதுகிறான். நம்பிக்கை வரவில்லை என்றால் எழுத்தைப் பார். குருட்டுக் கழுதையைக் கட்டி உழுத வயல் மாதிரி இருக்கும். இந்த ஒரு பக்கம் எழுத எனக்கு வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாள் ஆனது. அவசரம் ஒன்றும் இல்லை. எழுதி முடித்த வரியைத் திரும்பப் படித்துப் பார்ப்பதே எனக்கு ஒரு பொழுதாக இருக்கிறது.

ஊராட்சி அலுவலகத்து மாடியில் பெரியவர்களுக்குப் பள்ளிக்கூடம் வைத்திருக்கிறார்கள். செவ்வாயும் வியாழனும் மாலை ஐந்து மணிக்கு. பதினொரு பெண்கள், ஆண் நான் ஒருவன்தான். மற்ற கிழவர்கள் வராததற்கு பாகா ஒரு காரணம் சொன்னாள். பாகா என் பக்கத்து நாற்காலி, ரொட்டிக்கடைக்காரரின் விதவை. “சீட்டாடுறதுக்கு எழுத்து எதுக்குன்னு ஆம்பிளைங்களுக்கு நினைப்பு. நீ சீட்டுல தோத்துக்கிட்டே இருந்தே, அதான் இங்க வந்துட்டே” என்றாள்.

நம் மொழியில் ஓர் எழுத்து இருக்கிறது, உனக்குத் தெரிந்திருக்கும். சொல்லின் தொடக்கத்தில் நிற்கும், சத்தமே போடாது. ‘மகன்’ என்று எழுதினால் அது முன்னால் நிற்க வேண்டும். ‘பசி’ என்று எழுதினாலும் நிற்க வேண்டும். வாய் திறக்காத எழுத்துக்கு அங்கே என்ன வேலை என்று இன்மா டீச்சரிடம் கேட்டேன். அது அப்படித்தான், எடுத்துவிட்டால் பிழை என்றார். “அப்போ வேலையில்லாதவன் வரிசையில நிக்கிற மாதிரி டீச்சர். ஒண்ணும் செய்யல, ஆனா துரத்தவும் முடியாது” என்றேன். டீச்சர் சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆனாலும் அதைப் போட எனக்கு மறந்து போகிறது. இந்தக் கடிதத்திலும் மறந்திருப்பேன்.

ஊர்ச் செய்தி. இந்த வருஷம் ஆலிவ் மரங்களில் காய் இல்லை. பூக்கிற நேரத்தில் மழை ஏமாற்றிவிட்டது. வழக்கமாக பிப்ரவரிக் காற்று வரைக்கும் போகும் அறுவடை கிறிஸ்துமஸுக்குள் முடிந்துவிட்டது. அதனால் உதவிப் பணம் வாங்க இருபது நாள் வேலை காட்டினால் போதும் என்று அரசாங்கம் குறைத்திருக்கிறது. அந்த இருபதும் யாருக்குக் கிடைக்கிறது? என்கார்னா பன்னிரண்டு நாள் குனிந்து காய் பொறுக்கினாள். பதின்மூன்றாம் நாள் இடுப்பு பிடித்துக்கொண்டது, கட்டிலை விட்டு எழ முடியவில்லை.

பிறகு என்ன செய்தேன் தெரியுமா? நானே போனேன். பென்ஷன் வாங்குகிறவன் வேலைக்குப் போகக் கூடாது என்று சட்டம். ஆனால் கோலெடுத்துக் கிளையை அடிக்க என் கைக்கு இன்னும் தெரிகிறது. எட்டு நாள் நான் அடித்தேன், பெயர் என்கார்னா. இரட்டைத்தொப்பி கண்ணை மூடிக்கொண்டு தாளில் எழுதினார். இனி ஆறு மாதத்துக்குப் பசி இல்லை.

இரட்டைத்தொப்பி என்று நான் சொல்வது இப்போதைய தோப்புக்காரரை, மகனை. நீ ஊரைவிட்டுப் போன அறுபத்து நாலில் இருந்தவர் அப்பா. தொப்பியும் தோப்பும் மகனுக்கு வந்துவிட்டன.

தொலைபேசியில் கூப்பிடாதே. எழுது. நானே பிரித்து நானே படிக்க வேண்டும்.

உன்னைக் கட்டி அணைக்கும்,
அண்ணன் நிகாசியோ


சபாதெல்,
26 ஜனவரி 2013

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பிரித்ததும் என் மனைவி மெர்செயைக் கூப்பிட்டேன். நம் ஊர் எழுத்து தனக்குப் புரியாது என்று கேலி செய்வாள், இந்த முறை கேலி செய்யவில்லை. கைக்குட்டை நனைந்துவிட்டது. சின்ன வயதில் நான் பள்ளிக்கூடம் போக நீங்கள் ஆடு மேய்க்கப் போனதை அவளிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

நீங்கள் சொன்னது சரி. ‘பசி’யில் அந்த எழுத்தை விட்டுவிட்டீர்கள். ‘மகன்’ சரியாக இருக்கிறது.

நாங்கள் நலம் என்று எழுதத்தான் ஆசை. மகன் ஒரியோல் வேலை செய்த தொழிற்சாலையை மூடி இரண்டு வருஷம் ஆகிறது. அவன் வாங்கிக்கொண்டிருந்த உதவிப் பணம் போன மாதத்தோடு நின்றுவிட்டது. முப்பத்தெட்டு வயதில் மனைவியோடு எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டான். அவன் சின்ன வயதில் படுத்த கட்டிலில் இருவரும் படுக்கிறார்கள். சாப்பிடும்போது தலை நிமிர்வதில்லை. இரண்டாம் முறை போட வந்தால் தட்டை இழுத்துக்கொள்கிறான்.

அண்ணா, கோபப்படாமல் படியுங்கள். பதினேழு வருஷம் வரி கட்டியவனுக்கு ஒன்றும் இல்லை. அங்கே இருபது நாளுக்கு ஆறு மாதம். நான் என்கார்னாவைச் சொல்லவில்லை. ஆனால் இங்கே பேசிக்கொள்வது என் காதில் விழுகிறது. என்னோடு முப்பது வருஷம் தறி ஓட்டியவர் ஒருவர் மதுக்கடையில் எல்லோருக்கும் முன்னால் கேட்டார்: “ஏன்டா ஃபெர்மின், உங்க ஆளுங்க மரத்தடியில உக்காந்து வாங்குற காசு யாரோடதுடா? உன் பையன் ஒரியோலோடது இல்லையா?” காசை வைத்துவிட்டு எழுந்து வந்தேன். நாற்பத்தெட்டு வருஷம் ஆகியும் இங்கே நான் தெற்கத்தியான்தான்.

அங்கே எல்லோரும் இப்படித்தான் உழைத்த நாளை வேறு பெயரில் எழுதுகிறார்களா? தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். எழுபத்து மூன்றில் கோல் தூக்குவது சாகசம் இல்லை.

உங்கள் தம்பி,
ஃபெர்மின்


தோர்ரெகூர்வா,
10 பிப்ரவரி 2013, ஞாயிறு

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தை இரண்டு நாளில் படித்து முடித்தேன். விரலை வைத்துக்கொண்டுதான். ‘சாகசம்’ என்ற சொல்லில் வண்டி சேற்றில் மாட்டிக்கொண்டது, இன்மா டீச்சர்தான் தள்ளிவிட்டார். அந்த ஒரு சொல்லை மட்டும் ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். மற்றதைக் காட்டவில்லை. கடிதம் என்னுடையது.

ஒரியோலைப் பற்றிப் படித்தபோது விரல் அங்கேயே நின்றுவிட்டது. அவனை இங்கே அனுப்பு. வேலை தர முடியாது, ஆனால் தட்டை இழுக்க விடமாட்டேன். எண்ணெய் ஒரு டின் லாரியில் போட்டிருக்கிறேன். கசப்பாக இருக்கும், அதுதான் நல்லது.

மதுக்கடைக்காரர்களுக்கு ஒரு பதில் சொல். மரத்தடியில் யாரும் உட்காரவில்லை, குனிந்துகொண்டிருக்கிறார்கள். வேலை இருந்தால் இருபது என்ன, இருநூறு நாள் செய்வார்கள். இந்த வருஷம் ஊர் முழுக்க இருந்த வேலையே தலைக்குப் பத்துப் பன்னிரண்டு நாள்தான். மீதியை அண்ணனும் தம்பியும், அப்பனும் மகளும் ஒருவர் பெயரில் ஒருவர் உழைத்து நிரப்புகிறார்கள். உழைக்காத நாள் ஒன்றுகூட அந்தத் தாளில் இல்லை. உழைத்த உடம்புதான் வேறு. சட்டத்துக்கு இது தப்பு என்று எனக்குத் தெரியும். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது?

என்கார்னா எழுந்து நடக்கிறாள். முதல் மாதப் பணம் வந்ததும் வாடகையைக் கட்டிவிட்டுக் கொஞ்சம் மீன் வாங்கி வந்தாள். நான் எலும்பைக்கூட விடவில்லை.

உன் அண்ணன்,
நிகாசியோ


தோர்ரெகூர்வா,
17 மார்ச் 2013, ஞாயிறு

தம்பி ஃபெர்மினுக்கு,

செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன், எனக்கு வேறு மாதிரி எழுத வராது.

செவ்வாய்க்கிழமைகளில் இன்மா டீச்சர் மாட்ரிட் பத்திரிகையைக் கொண்டுவந்து ஆளுக்கொரு பக்கம் கொடுப்பார். எனக்கு எப்போதும் வாசகர் கடிதப் பக்கம். அவை சின்னதாக இருக்கும், ஒருவர் கோபமாக ஏதாவது சொல்லியிருப்பார், படிக்கச் சுவையாக இருக்கும். எழுந்து நின்று சத்தமாகப் படிப்பது எனக்குப் பிடிக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

தலைப்பு ‘இருபது நாள் உழைப்பு, ஆறு மாத ஓய்வு.’ தெற்கில் பிறந்து வடக்கில் உழைத்து ஓய்வு பெற்ற ஒருவர் எழுதியது என்று கீழே போட்டிருந்தது. பெயர் இல்லை. நான் விரலை வைத்துப் படித்துக்கொண்டே போனேன். தன் மகன் பதினேழு வருஷம் வரி கட்டினான், இப்போது ஒன்றும் இல்லை என்று இருந்தது. ஐயோ பாவம், நம் ஒரியோல் மாதிரி என்றுதான் நினைத்தேன், ஃபெர்மின். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

அடுத்த வரி, ‘நான் கற்பனை செய்யவில்லை, என் சொந்த அண்ணன் தன் கைப்பட எனக்கு எழுதியது இது.’ அதற்குக் கீழே சாய்ந்த எழுத்தில் அச்சாகியிருந்தது. எட்டு நாள் நான் அடித்தேன், பெயர் என் மகளுடையது. இரட்டைத்தொப்பி கண்ணை மூடிக்கொண்டு தாளில் எழுதினார். இனி ஆறு மாதத்துக்குப் பசி இல்லை.

பாதியில் நிறுத்த எனக்குத் தெரியவில்லை. இதுவரை எதையும் பாதியில் நிறுத்தியது கிடையாது. கடைசி வரை படித்தேன்.

முதலில் பாகாதான் பேசினாள். “யாருடி இவன்? கூடப்பொறந்த அண்ணனையே வித்துத் தின்னுருக்கான்” என்றாள். பிறகு தோமாசா மெதுவாகக் கேட்டாள்: “இரட்டைத்தொப்பின்னா நம்ம இரட்டைத்தொப்பியா?” தோமாசாவின் இரண்டு மகன்களும் அவருடைய தோப்பில்தான் வேலை செய்கிறார்கள். பதினொரு பேரும் என் பக்கம் திரும்பினார்கள். இந்த வருஷம் அவருடைய தோப்பில் கோல் பிடித்த கிழவன் யார் என்று அவர்களுக்குத் தெரியும்.

ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று டீச்சரைப் பார்த்து, “பசியில அந்த எழுத்து விட்டுப்போச்சு டீச்சர், அச்சுப்பிழை” என்றேன்.

அவர் தாளை வாங்கிப் பார்த்தார். அவருக்கு இன்னும் விஷயம் பிடிபடவில்லை. “அச்சுப்பிழை இல்லீங்க நிகாசியோ. எழுதினவர் விட்ட பிழை. வேணும்னே அப்படியே போட்டிருக்காங்க. படிக்கிறவங்க சிரிக்கட்டும்னு” என்றார்.

நீதானா என்று கேட்கமாட்டேன். ஏன் என்று மட்டும் எழுது.

நிகாசியோ


சபாதெல்,
25 மார்ச் 2013

அன்புள்ள அண்ணாவுக்கு,

மூன்று தாள்களைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

நான் பெயர் எதுவும் போடவில்லை. உங்கள் பெயர் இல்லை, என்கார்னா பெயர் இல்லை, ஊர்ப் பெயர் இல்லை, என் பெயர்கூட இல்லை. உங்கள் கடிதத்தையும் சேர்த்து அனுப்பினால்தான் போடுவோம் என்று பத்திரிகைக்காரர்கள் சொன்னார்கள். அதிலும் பெயர்களை மையால் அடித்துவிட்டுத்தான் அனுப்பினேன். பட்டப்பெயரை மட்டும் விட்டேன். அதில் ஒரு மண் வாசனை இருந்தது, படிக்கிறவர்கள் நம்புவார்கள் என்று நினைத்தேன். ஒரு பட்டப்பெயரை வைத்துக்கொண்டு யார் என்ன கண்டுபிடிக்க முடியும்? பிழையை அப்படியே போட்டது அவர்கள். நான் சொல்லவில்லை.

ஏன் என்று கேட்கிறீர்கள். ஒருநாள் சாப்பாட்டு மேசையில் ஒரியோல் கேட்டான்: “அப்பா, நான் என்ன தப்பு செஞ்சேன்?”  அன்றுதான் எழுத உட்கார்ந்தேன். யார் மீதாவது கோபப்பட வேண்டியிருந்தது. நான் எழுதியதில் பொய் ஏதாவது இருக்கிறதா, சொல்லுங்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். மதுக்கடையில் அதை உரக்கப் படித்தார்கள். எழுதியது நான் என்று சொன்னேன். எழுந்து நின்று கை தட்டினார்கள். அன்று என்னைக் காசு கொடுக்க விடவில்லை. “இவன் நம்ம ஆளுடா” என்று என் தோளில் கை போட்டார், அந்தத் தறிக்காரர். நாற்பத்தெட்டு வருஷத்தில் முதல் முறை.

உங்களை நோகடிக்க நினைக்கவில்லை, அண்ணா. நீங்கள் பத்திரிகை படிப்பீர்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மன்னியுங்கள்.

ஃபெர்மின்


தோர்ரெகூர்வா,
28 ஏப்ரல் 2013, ஞாயிறு

ஃபெர்மினுக்கு,

ஈஸ்டர் முடிந்த மறுவாரம், அந்தப் பத்திரிகைப் பக்கத்தோடு ஊர் ஊராகக் கேட்டுக்கொண்டு, உதவிப் பணத்துச் சோதனை அதிகாரி வந்தார். சதுக்கத்து மதுக்கடையில் ஒரு காபி குடித்துவிட்டு, இரட்டைத்தொப்பி வீடு எது என்று கேட்டார். எண்ணெய் வாங்க வந்தவர் என்று நினைத்துக் கடைக்காரர் வாசல்வரை வந்து கையைக் காட்டினார். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. தாளில் இருக்கும் பெயரைச் சொல்லி, இப்போலிதோ கார்தெனாஸ் வீடு எது என்று கேட்டிருந்தால் சாயங்காலம்வரை சுற்றியிருப்பார். இப்போலிதோ யார் என்று எனக்கே அன்றுதான் தெரியும்.

பெயர் போடவில்லை என்று எழுதியிருக்கிறாய். இந்த ஊரில் பெயர் என்பது எது என்று நாற்பத்தெட்டு வருஷத்தில் மறந்துவிட்டாய். தாளில் இருப்பது கல்லறைக்கும் வரிக்கும். எதைச் சொல்லிக் கூப்பிட்டால் ஆள் திரும்புகிறானோ அதுதான் பெயர். அதைத்தான் நீ போட்டாய்.

இரட்டைத்தொப்பி பயந்துபோனார். என்கார்னாவின் இருபது நாளையும் பொய் என்று சொல்லி அடித்துவிட்டார். அவள் இடுப்பொடியப் பொறுக்கிய பன்னிரண்டும் சேர்ந்து போயிற்று. தோமாசா மகன்களுடைய நாட்களையும் கிளறுகிறார்கள்.

நான் நகரத்து அலுவலகத்துக்குப் போனேன். எட்டு நாள் நான் செய்தது, பன்னிரண்டு நாள் அவள் செய்தது, தப்பு என்னுடையது என்று ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஒரு பிழையும் இல்லை. அங்கே இருந்த பெண் இரண்டு முறை படித்தாள். “பெரியவரே, பன்னிரண்டை நான் நம்புறேன். ஆனா பன்னிரண்டு இருபது ஆகாதே” என்றாள். உதவிப் பணம் நின்றுவிட்டது. வாங்கியதையும் திருப்பிக் கட்டச் சொல்கிறார்கள்.

என்கார்னா கிரானாதாவுக்குப் போய்விட்டாள். படுக்கையில் கிடக்கும் ஓர் அம்மாளைப் புரட்டிப் போட்டுக் குளிப்பாட்டும் வேலை, அந்த இடுப்போடு. மாதத்தில் ஒரு ஞாயிறு வருவாள். அவள் சண்டை போடவில்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டே சொன்னாள்: “அப்பா, நீ எழுதப் படிக்கக் கத்துக்காமலே இருந்திருக்கலாம்.”

நான் பத்திரிகை படிப்பேன் என்று உனக்குத் தோன்றவில்லை என்கிறாய். நீ எழுதியதிலேயே நான் அதிக நேரம் விரல் வைத்துப் படித்தது அந்த வரியைத்தான். படிக்கத் தெரியாதவன் முதுகுக்குப் பின்னால் பேசுகிற மாதிரி பேசினாய்.

அந்த ஜனவரிக் கடிதத்தைத் திருப்பி அனுப்பு. நான் முதன்முதலில் எழுதியது அது. மை அடித்திருந்தாலும் பரவாயில்லை.

நிகாசியோ


சபாதெல்,
9 ஜூன் 2013

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஐந்து வாரமாகப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். தொலைபேசியில் கூப்பிட்டேன், நீங்கள் எடுக்கவில்லை.

உங்கள் கடிதத்தைக் கேட்டுப் பத்திரிகைக்கு மூன்று முறை எழுதினேன். கடைசியில் ஒரு பெண் தொலைபேசியில் சொன்னாள், பிரசுரமானதும் எறிந்துவிடுவார்களாம். என்ன பொருள் தொலைந்தது என்று கேட்டாள். 

என்கார்னாவுக்குப் பணம் அனுப்பினேன். திரும்பி வந்துவிட்டது.

இப்போது எழுதப்போவதை மெர்செக்குக்கூடக் காட்டமாட்டேன். உதவிப் பணம் தீர்ந்தவர்களுக்கு அரசாங்கம் மறுபடியும் சில மாதம் கொஞ்சம் கொடுக்கிறது. ஆனால் பெற்றோர் வீட்டில் இருந்தால் என் பென்ஷனையும் கணக்கில் எடுத்து, கிடையாது என்கிறார்கள். அதனால் ஒரியோல் இங்கே இல்லை என்று எழுதிக் கொடுத்தோம். மேல் மாடியில் மெர்செயின் அக்கா நூரியா வீடு, நான்காம் மாடி இரண்டாம் கதவு, அங்கே குடியிருப்பதாகப் பதிவு செய்தோம். படுப்பது இங்கேதான், அதே கட்டிலில். தாளில் கையெழுத்துப் போட்டது நான். பணம் வந்தது. ஒரியோல் தட்டை இழுக்கவில்லை.

பெயர்களையும் கதவு எண்ணையும் வேண்டுமென்றேதான் எழுதியிருக்கிறேன். இப்போது உங்கள் கையிலும் என் கடிதம் ஒன்று இருக்கிறது. நீங்கள் விரும்பியதைச் செய்யுங்கள். எந்தப் பத்திரிகைக்கு வேண்டுமானாலும் அனுப்புங்கள். ஆனால் பதில் மட்டும் போடுங்கள், அண்ணா.

உங்கள் தம்பி,
ஃபெர்மின்


தோர்ரெகூர்வா,
16 ஜூன் 2013, ஞாயிறு

ஃபெர்மின்,

உன் கடிதத்தை இதோடு திருப்பி அனுப்புகிறேன். சமையலறையில் தனியாக உட்கார்ந்து படித்தேன். வேறு யார் கண்ணிலும் படவில்லை. கிடைத்ததும் அடுப்பில் போட்டுவிடு.

ஒரியோல் வாங்கட்டும். இல்லாதவன் வாங்குகிறான். நூரியாவின் கதவு எண்ணை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

கையில் வைத்துக்கொண்டு மிரட்டுவதற்கு ஒரு தாள் அனுப்பினால் சரியாகிவிடும் என்று நினைத்திருக்கிறாய். எனக்கு அதெல்லாம் வேண்டாம். நான் உனக்கு எழுதியபோது, நீ படிப்பாய் என்று மட்டும்தான் நினைத்துக்கொண்டு எழுதினேன்.

இனி நீ எழுதினால் பிரிக்காமலே தபால்காரரிடம் கொடுத்துவிடுவேன். அனுப்பியவர் பெயரைப் படிக்க எனக்கு இப்போது விரல் தேவைப்படுவதில்லை.

நிகாசியோ மொராலெஸ் பேன்யா